ஏஜென்சியிடம் டிஜிட்டல் வேலையைக் கொடுப்பதற்கு முன் நம் குழு எப்படித் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி நடத்தும் அறக்கட்டளை, நடுத்தர மருத்துவமனை, இரண்டு மூன்று கிளைகள் வைத்திருக்கும் ஜவுளிக்கடை என்று எந்த நிறுவனமாக இருந்தாலும், இணையதளமோ செயலியோ செய்வதற்கு வெளி ஏஜென்சியை அமர்த்தும்போது எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. சில ஆண்டுகள் ஏஜென்சியில் ப்ராஜெக்ட் மேனேஜராகவும், அதன்பின் வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கு உடனிருந்து உதவுபவனாகவும் இருந்திருக்கிறேன். மேசையின் இரு பக்கத்திலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. பணம் கொடுத்துத்தானே ஏஜென்சியை வைக்கிறோம்? எங்கள் பக்கம் தயாராக என்ன இருக்கிறது?

வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சர்வரில் ஏற்றுதல் ஆகியவற்றைப் பணம் கொடுத்து வாங்கலாம். முடிவுகளை அப்படி வாங்க முடியாது. சேர்க்கைக் கட்டணத்தை இணையத்திலேயே வாங்குவதா, மருத்துவரின் நேரத்தை நோயாளியே பதிவு செய்யலாமா, ஒரே புடவையின் விலை கடையிலும் தளத்திலும் வேறுபடலாமா என்பவற்றுக்கு ஏஜென்சியால் விடை சொல்ல முடியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் ஏதோ ஒன்றை ஊகித்துச் செய்வார்கள். அந்த ஊகம் தவறு என்பது பெரும்பாலும் கடைசி மாதத்தில்தான் தெரியவரும்.

நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி நிரலால் வந்ததில்லை, வேலை கொடுத்தவர் பக்கத்தில் முடிவு எடுக்கப்படாமல் கிடந்ததால் வந்தவை. கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதைச் சுற்றியே இருக்கும்.

2. எங்கள் பக்கத்தில் யார் யார் குழுவில் இருக்க வேண்டும்?

முதலில் ஒரே ஒரு பொறுப்பாளர். நிர்வாகத்தைக் கேட்காமலேயே அன்றாட முடிவுகளை எடுக்கும் அதிகாரமும், அதற்கான நேரமும் அவருக்கு இருக்க வேண்டும். அவருக்குத் துணையாக, தளம் எந்த வேலைக்காகச் செய்யப்படுகிறதோ அந்த வேலையை நாள்தோறும் செய்பவர்கள் இருக்க வேண்டும்: பள்ளியானால் சேர்க்கை மேசையில் உட்காருபவர், மருத்துவமனையானால் வரவேற்பில் இருப்பவர், கடையானால் பில் போடுபவர். கணக்குப் பிரிவிலிருந்தும் ஒருவர் வேண்டும். பணம் வரும் வழி மாறும்போது முதலில் சிக்கல் எழுவது அவருடைய மேசையில்தான்.

பொறுப்பாளர் ஏன் ஒருவராக இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் நல்ல சான்று. 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட அந்தத் தளத்தில், பல ஒப்பந்த நிறுவனங்கள் சேர்ந்து உழைத்தும், முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர்தான். அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, தெளிவான தலைமை இல்லாமற்போனதை முக்கியக் காரணமாகச் சுட்டியது. பணமும் ஆளும் குறைவில்லாத இடத்திலேயே அந்நிலை என்றால், நம் போன்ற இடங்களில் பொறுப்பைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது தாங்காது.

3. கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவரையே பொறுப்பாளராகப் போட்டுவிடலாமா?

அவர் குழுவில் அவசியம் இருக்க வேண்டும். பொறுப்பாளராக அவரை நியமிப்பது பெரும்பாலும் அவருக்கே செய்யும் அநீதியாகிவிடுகிறது. சேர்க்கை விதியை மாற்றுவதைப் பற்றித் தலைமையாசிரியரிடமோ, தள்ளுபடியைப் பற்றி முதலாளியிடமோ அவரால் அழுத்திப் பேச முடியாது. ஏஜென்சி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்பார். மேலே இருப்பவர் ஊரில் இருக்கமாட்டார். நிறுவனத்தில் பலகாலம் இருந்து, எல்லாப் பிரிவினரும் மதிக்கும் ஒருவர், கணினி அறிவு குறைவாக இருந்தாலும், இந்தப் பொறுப்புக்கு ஏற்றவர்.

4. ஏஜென்சியைக் கூப்பிடுவதற்கு முன்பு எதையாவது எழுதி வைக்க வேண்டுமா?

வேண்டும், இரண்டு மூன்று பக்கம் போதும். யாருக்காகத் தளம், அவர்கள் இப்போது அந்தக் காரியத்தை எப்படிச் செய்கிறார்கள், அதில் எங்கே அல்லல்படுகிறார்கள், தளம் வந்தபின் எது குறைய வேண்டும் அல்லது கூட வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். “நவீனமான, அழகான இணையதளம்” என்று எழுதினால் எந்த ஏஜென்சியும் எந்த விலையும் சொல்லலாம். “சேர்க்கை விண்ணப்பம் வாங்க வரிசையில் நிற்கும் பெற்றோர் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பங்கள் அலுவலகத்தில் மறுபடி தட்டச்சு செய்யப்படக் கூடாது” என்று எழுதினால், எதற்கு விலை கேட்கிறீர்கள் என்பது இருவருக்கும் விளங்கும்.

தொகையின் மேல்வரம்பையும், செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தவற்றையும் அதே தாளில் குறிப்பிட்டுவிடுங்கள். பட்ஜெட்டைச் சொன்னால் அதையே பில்லாகப் போட்டுவிடுவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். சொல்லாமல் விட்டால், உங்கள் தேவைக்குப் பொருந்தாத திட்டங்களைப் படித்து ஒதுக்குவதிலேயே ஒரு மாதம் போய்விடுகிறது.

5. எங்கள் ஊழியர்கள் இதற்காக எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்?

ஐந்தாறு மாத வேலையென்றால், பொறுப்பாளருக்கு வாரத்தில் இரண்டு முழு நாள்கள் தேவைப்படும் என்பது என் அனுபவம். மற்றவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் போதும். டெஸ்டிங் நடக்கும் வாரங்களில் கூடுதலாகத் தேவைப்படும். அவர்களுடைய வழக்கமான வேலையில் எதைக் குறைக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சுமையின் மேல் இதையும் ஏற்றினால், முதலில் கைவிடப்படுவது இந்த வேலையாகத்தான் இருக்கும்.

உங்கள் தொழிலின் நாள்காட்டியையும் பாருங்கள். தீபாவளிக்குத் தளத்தைத் திறக்க ஆசைப்படும் ஜவுளிக்கடையில், டெஸ்டிங் செய்ய வேண்டிய ஊழியர்கள் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நிற்கக்கூட நேரமில்லாமல் இருப்பார்கள். அங்கே ஆடித் தள்ளுபடி வருவதற்கு முன்பே டெஸ்டிங்கை முடிப்பதுதான் பாதுகாப்பு. பள்ளியில் சேர்க்கைக் காலமும் பொதுத்தேர்வுக் காலமும், எல்லா நிறுவனங்களிலும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பும் இதே போன்றவை.

6. கன்டென்ட் யார் எழுதுவது? அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டும். “கன்டென்ட் வாடிக்கையாளர் தருவார்” என்ற ஒரு வரி பெரும்பாலான கொட்டேஷன்களில் சிறிய எழுத்தில் இருக்கும். வடிவமைப்பு முடிந்து, பக்கங்கள் எல்லாம் தயாராகி, பாடத்திட்ட விவரமும் மருத்துவர்களின் தகுதிகளும் பொருள்களின் படங்களும் வந்து சேராததால் மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்த தளங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தெந்தப் பக்கம், அதை யார் எழுதுவார், யார் சரிபார்ப்பார், என்றைக்குள் என்று ஓர் அட்டவணையை வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

தமிழில் உள்ளடக்கம் இருந்தால் கூடுதல் வேலை ஒன்று உண்டு. பழைய ஆண்டு மலர்களும் சுற்றறிக்கைகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அந்தக் கோப்பில் திரையில் “தமிழ்” என்று தெரிந்தாலும், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் படிப்பவருக்குப் புரியாத ஆங்கிலக் குப்பையாகவே தெரியும். எல்லாக் கணினிகளும் போன்களும் ஒரேபோலப் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒரு மனிதர் வரிக்கு வரி படித்துத் திருத்தியே ஆக வேண்டும்.

யூனிகோடிலேயே தட்டச்சு செய்தாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. “சௌந்தர்யா” என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் “ள” என்ற எழுத்தும் அடிக்கப்பட்டிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் பெயர் அகப்படாது. “ஸ்ரீ” என்பதையும் உள்ளே இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒரு பள்ளியின் பட்டியலில் ஸ்ரீயில் தொடங்கும் பெயர்களில் பாதி தேடலில் வராததற்குக் காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. தமிழ் தெரியாத டெவலப்பருக்கு இது தானாகத் தோன்றாது. உங்கள் குழுதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

7. ஏஜென்சியால் செய்யவே முடியாத, நாங்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை ஏதாவது உண்டா?

உண்டு, இவை கடைசி வாரத்தில் கழுத்தைப் பிடிப்பவை. ஓ.டி.பி., விண்ணப்பம் ஏற்பு போன்ற குறுஞ்செய்திகளை அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி உங்கள் நிறுவனம் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் ஒவ்வொரு செய்தியின் வாசகத்துக்கும் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் பெற்ற வாசகத்துக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் செய்தி போகாது. இணையத்தில் பணம் வாங்க உதவும் பேமென்ட் கேட்வே கணக்குக்கு நிறுவனத்தின் பான் அட்டை, வங்கிக் கணக்கு, பதிவு ஆவணங்கள் தேவை. அறக்கட்டளையானால் பத்திரமும் தீர்மான நகலும் கேட்பார்கள். ஐபோன் செயலியை நிறுவனத்தின் பெயரில் வெளியிட டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குத் தரப்படும் சர்வதேச அடையாள எண்) வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுபவர் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஆகவே வொர்க் ஆர்டர் கொடுத்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

8. டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் “நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பார்த்துக்கொள்ளட்டும், பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ அவரே நடைமுறையில் அதன் உரிமையாளர். பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, நிறுவனத்தின் பொது மின்னஞ்சலைக் கொடுத்து, ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் வழங்குங்கள். கூகுள் பிசினஸ் பக்கம், செயலிக் கடைக் கணக்கு, ஹோஸ்டிங் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம், ஏஜென்சியுடன் பில் தகராறு வந்தபோதுதான் பத்தாண்டுகளாகத் தன் பெயர்ப்பலகையிலும் பைகளிலும் அச்சிட்டிருந்த முகவரி தன்னுடையது அல்ல என்பதை அறிந்தது. அதை மீட்க அவர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டபின், இன்றைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

9. முழுப் பணமும் கொடுத்துவிட்டால் அந்த நிரல் எங்களுடையதுதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால் வேலை கொடுத்தவருக்கு உரிமை. வெளியில் கொடுத்துச் செய்வித்தால், எழுத்துபூர்வமாக உரிமை மாற்றிக் கொடுக்கப்படாதவரை, எழுதிய ஏஜென்சியிடமே அது தங்கிவிடும்.

உரிமை மாற்றம் கையெழுத்திட்ட ஆவணத்தில் இருக்க வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும்தான் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பொருள் கொள்கிறது. ஆகவே “பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்” என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். ஏஜென்சி பல வாடிக்கையாளர்களுக்கும் பயன்படுத்தும் பொதுவான நிரல் பகுதிகளும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட திறமூல மென்பொருளும் உங்களுக்கு மாறிவராது. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தும் அனுமதி இருந்தால் போதும்.

10. மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று ஒன்றரை லட்சம், இன்னொன்று ஏழு லட்சம். எதை நம்புவது?

மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். நான்காம் பதிலில் சொன்ன தாள் மூவர் கையிலும் இருந்ததா என்று முதலில் பாருங்கள். பிறகு உள்ளடக்கம் ஏற்றுதல், பழைய தரவை மாற்றுதல், டெஸ்டிங், பயிற்சி, திறந்தபின் பராமரிப்பு ஆகியவை ஒவ்வொன்றிலும் சேர்ந்திருக்கின்றனவா என்று வரிசையாகக் கேளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா என்பதும் முக்கியம்: கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், வரிவிலக்குள்ள கல்விச் சேவையை மட்டும் நடத்தும் பள்ளிக்கு அது கைவிட்டுப் போகும் பணம்.

விலைக்கு அடுத்தபடியாக, உங்கள் வேலையை நேரில் செய்யப்போகிறவர்களைச் சந்திக்கக் கேளுங்கள். விற்க வந்தவர் நன்றாகப் பேசினார் என்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

11. டிசைனைக் காட்டினார்கள். எங்களில் ஆளுக்கொரு கருத்து சொல்கிறோம். என்ன செய்வது?

எல்லோரும் சொல்லட்டும், உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் அவற்றைக் கேட்டு, முரண்களைத் தீர்த்து, ஒரே கடிதமாக ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் தாளாளர் ஒன்றும் செயலர் ஒன்றும் எழுதினால், ஏஜென்சி கடைசியாக வந்த செய்தியைச் செய்துவிட்டு, மறுநாள் அதை அழிக்கும்.

கருத்துச் சொல்லும்போது பிரச்சினையைச் சொல்லுங்கள். “தொலைபேசி எண்ணைப் பெரிதாகச் சிவப்பில் போடுங்கள்” என்பதைவிட, “எங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், எண் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள்” என்பது வடிவமைப்பாளருக்குப் பயன்படும். அவர் இன்னும் நல்ல வழியைக் காட்டக்கூடும்.

12. நடுவில் சின்னதாக ஒன்று சேர்க்கச் சொன்னால்கூடத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். இது நியாயமா?

பல நேரங்களில் நியாயம்தான். சின்னது என்று நமக்குத் தோன்றுவது உள்ளே பெரிதாக இருக்கலாம்: “கட்டணத்தை இரண்டு தவணையாகவும் கட்டலாம்” என்ற ஒரு வரி, ரசீது, நிலுவைப் பட்டியல், நினைவூட்டல், பணம் திருப்பித் தருதல் என்று நான்கு இடங்களை மாற்றும். புதிதாகத் தோன்றுபவற்றை ஒரு பட்டியலில் எழுதி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏஜென்சியுடன் உட்கார்ந்து, எது இப்போதே வேண்டும், எது திறந்தபின் போதும் என்று பிரியுங்கள். இப்போதே வேண்டும் என்பதற்கு ஈடாக, பட்டியலிலிருந்து வேறொன்றை எடுத்துவிட முன்வந்தால் பேச்சு எளிதில் முடியும்.

13. டெஸ்டிங் அவர்கள் வேலைதானே? நாங்கள் எதற்கு?

பொத்தான் வேலை செய்கிறதா என்பதை அவர்கள் பார்ப்பார்கள். வந்தவரின் காரியம் முடிகிறதா என்பதை உங்கள் பக்கத்து மனிதர்களை வைத்துத்தான் பார்க்க முடியும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றைக்கும் கைகொடுக்கிறது. விலை குறைந்த போனுடன், வைஃபை இல்லாமல், உதவிக்கு யாரும் பேசாமல் அவர்களைச் செய்யவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சேர்க்கைப் படிவத்தைச் சோதித்தபோது ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் இந்த மாதத்து நாள்காட்டி திறந்தது; பின்னால் போக ஒரு மாதத்துக்கு ஒரு தட்டல். குழந்தையின் தேதிக்கு ஏறக்குறைய 60 தட்டல்கள் தட்டி முடித்தார். அடுத்து 35 வயதுத் தந்தையின் தேதி, அதற்கு 420 தட்டல்கள் வேண்டும். போனைக் கீழே வைத்துவிட்டார். அதன் அடுத்த கட்டத்தில் “குடும்பப் பெயர்” கட்டாயம் என்றிருந்தது. தலைப்பெழுத்து மட்டும் வைத்திருக்கும் குடும்பம் அங்கே எதை எழுதும்? இந்த இரண்டும் ஏஜென்சியின் சோதனைப் பட்டியலில் “சரி” என்று குறிக்கப்பட்டிருந்தன.

14. வேலை தாமதமாகிவிட்டது. ஆள் கூட்டச் சொல்லலாமா?

தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதினார்; ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய மென்பொருள் பணியொன்றைத் தலைமையேற்று நடத்திய அனுபவத்தில் வந்த முடிவு அது. புதியவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் நிறுத்த வேண்டியிருக்கிறது.

அதற்குப் பதிலாக, காத்திருக்கும் முடிவுகளின் பட்டியலை ஏஜென்சியிடம் கேளுங்கள். முதல் பதிலில் சொன்னதுதான்: அதில் பாதி உங்கள் பக்கத்தில் இருக்கக்கூடும். அவற்றை அன்றைக்கே தீர்த்துவிட்டு, முதல் நாளில் எது இல்லாமலும் திறக்கலாம் என்று பாருங்கள். முன்பணம், தவணை எல்லாம் தேதிப்படி இல்லாமல், முடிந்து உங்களால் ஏற்கப்பட்ட பகுதிப்படி வைத்திருந்தால் இந்தப் பேச்சில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

15. எங்கள் மாணவர், நோயாளி விவரமெல்லாம் ஏஜென்சியிடம் இருக்கிறதே. கசிந்தால் அவர்கள்தானே பொறுப்பு?

சட்டம் முதலில் உங்களைத்தான் கேட்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரையே பொறுப்பாளியாக வைக்கிறது. அவர் சார்பில் கையாளும் ஏஜென்சியின் தவறுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பதைப் பள்ளிகள் தனியாகக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் உங்கள் குழு செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெமோவுக்கும் டெஸ்டிங்குக்கும் உண்மையான பட்டியலை அனுப்பாதீர்கள். “சும்மா பார்க்கத்தான்” என்று மின்னஞ்சலில் அனுப்பிய எக்செல் கோப்பு எத்தனை மடிக்கணினிகளில் தங்கியிருக்கிறது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. கற்பனைப் பெயர்களுடன் ஐம்பது வரி தயாரித்துக் கொடுங்கள்.

16. புதிய தளம் வந்ததும் கூகுளில் எங்கள் பழைய இடம் போய்விடுமா?

பழைய முகவரிகள் எல்லாம் புதியவற்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட்டால் பெரும்பாலும் போகாது. பழைய தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய பக்கத்தை உங்கள் குழு எழுதித் தர வேண்டும். எந்தப் பக்கத்துக்கு எது ஈடு என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் திருப்பல்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகுள் அறிவுறுத்துகிறது. அச்சிட்ட கையேடுகளில் இருக்கும் முகவரிகளை அதற்குப் பிறகும் விட்டுவைப்பது நல்லது.

17. பாதி வேலையில் ஏஜென்சியை மாற்ற வேண்டிய நிலை வந்தால்?

எட்டாம், ஒன்பதாம் பதில்களில் சொன்னவற்றை முதலிலேயே செய்திருந்தால் மாற்றுவது கடினமாக இருந்தாலும் முடியக்கூடிய காரியம். நிரல் சேமிக்கப்படும் களஞ்சியம் தொடக்கத்திலிருந்தே உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், வாரந்தோறும் அதில் புதிய நிரல் ஏறுகிறதா என்று கம்ப்யூட்டர் தெரிந்த அந்தத் தம்பி பார்த்துச் சொல்ல வேண்டும். வடிவமைப்பின் மூலக் கோப்புகள், தரவுத்தளத்தின் நகல், எடுக்கப்பட்ட முடிவுகளின் பதிவு ஆகியவையும் உங்களிடம் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் யார் எதை ஏன் முடிவு செய்தார் என்று பொறுப்பாளர் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருந்தால், புதிதாக வருபவர் பழைய கேள்விகளை மறுபடி கேட்க வேண்டியிருக்காது.

பிரிவதற்கு முன் ஒருமுறை, ஏஜென்சியின் உரிமையாளருடன் உங்கள் பொறுப்பாளர் நேரில் உட்கார்ந்து பேசட்டும். எதனால் நின்றது என்பதை இரு பக்கமும் எழுதி மேசையில் வைத்தபோது, பிரிய வேண்டிய தேவையே இல்லாமற்போனதை இரண்டு முறை கண்டிருக்கிறேன். அப்படியும் பிரிவதென்று ஆனால், முடிந்த பகுதிக்குரிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்து, எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அன்றைக்கே மாற்றி, கைமாற்றத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.